பனங்காய்ப் பணியாரக் காலம்

ஆகஸ்ட் 16, 2025, சனி

பனம்பழம் விழத் தொடங்கிவிட்டது. விடியப்புறமே பின்காணிக்குப் போய்ப் பொறுக்கி வந்தேன். பிந்திப் போனால் மாடு சூப்பிப் போட்ட கொட்டைதான் மிஞ்சும். பழத்தின் சதையான களியில் சுடும் பணியாரத்துக்குத் தானாக விழுந்த பழம் வேண்டும். பெருவிரலால் அமத்தினால் மெல்ல இணங்க வேண்டும். மணம் கடகத்தை விட்டு வெளியே வர வேண்டும்.

எல்லா மரத்துப் பழமும் ஒன்றல்ல. கிணற்றடி மரத்தின் பழம் நல்ல இனிப்பு. வேலிக்கரையில் நிற்கும் மரத்தின் பழத்தை நாக்கில் வைக்க முடியாது. மாமிக்கு எங்கள் காணியில் நிற்கும் ஒவ்வொரு பனையின் குணமும் தெரியும். நான் கொண்டுவந்த பழங்களைப் பார்த்ததும் இரண்டைத் தனியே உருட்டி விட்டார். "உது வேலிக்கரைப் பழமெல்லே பிள்ளை. உதைக் கலந்தால் முழுக் களியும் கைக்கும்."

அந்தக் கைப்புக்குக் காரணம் ஃபிளபெலிஃபெரின் எனப்படும் சப்போனின் வகைப் பொருட்கள். சப்போனின் என்றால் நுரைக்கும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்து சவர்க்காரம் கிடைக்காத நாட்களில் மாமி பனங்களியில்தான் உடுப்புத் தோய்த்தாராம். கொடியில் காயப்போட்ட சீலையை மாடு வந்து சப்பிவிடும் என்று காவல் இருந்ததையும் சொன்னார். உடுப்புத் தோய்த்த பழமும் பணியாரம் சுடும் பழமும் ஒன்றுதான் என்பதை என் மகள் இன்னும் நம்பவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று களி எடுத்தோம்.

சிலர் பழத்தை அவித்து எடுக்கிறார்கள். நாங்கள் சுடுகிறோம். அவித்தால் வேலை சுலபம், ஆனால் தண்ணீர் ஏறிவிடும், பிறகு அதை வற்றவைக்க அடுப்படியில் நெடுநேரம் நிற்க வேண்டும். பொச்சு மட்டைத் தணலில் பழத்தைப் பிரட்டிப் பிரட்டிச் சுட்டால் கறுத்த தோல் வெடித்துத் தானாகக் கழன்று வரும். புகை வாசமும் களியில் கொஞ்சம் இறங்கும். அந்த வாசம் இல்லாத பணியாரம் எனக்குப் பணியாரமே இல்லை.

காம்புப் பக்கத்து இதழ்களைப் பிடுங்கி, தோலை உரித்து, பழத்தைப் பிளந்தால் பெரும்பாலும் மூன்று கொட்டைகள் இருக்கும். கொட்டையைச் சுற்றித் தும்பு. களி முழுவதும் அந்தத் தும்புக்குள்தான் ஒளிந்திருக்கிறது. சட்டியில் போட்டுக் கையால் பிசைந்து பிசைந்து எடுக்க வேண்டும், வேறு வழியில்லை. தண்ணீரைத் தெளித்துக்கொள்ளலாம், ஊற்றக் கூடாது. பிறகு வெள்ளைத் துணியில் வடிக்க வேண்டும். தும்பு ஒன்று தப்பிப் போனாலும் பணியாரத்தில் பல்லுக்குள் சிக்கும். கை மஞ்சளாகிவிட்டது, மூன்று நாளைக்குப் போகாது.

களியைப் பச்சையாக வைத்திருக்க முடியாது, வெயில் காலத்தில் சீக்கிரம் புளித்துவிடும். ஆகவே இன்றே காய்ச்சினேன். இரண்டு கோப்பைக் களிக்கு முக்கால் கோப்பைச் சீனி, ஒரு சிட்டிகை உப்பு. மெல்லிய நெருப்பு. துடுப்பை எடுக்காமல் கிண்ட வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். முதலில் பச்சை வாடை வரும். அது போய், களி கொதித்துக் குமிழி விட்டுத் தெறிக்கத் தொடங்கும்போது பலர் இறக்கிவிடுகிறார்கள்.

"மாமி, இறக்கட்டோ?"

"பொறு பிள்ளை. களி இன்னும் தண்ணியாத்தான் கிடக்கு. சட்டியை விட்டு வரோணும்."

இதுதான் பணியாரத்தின் உயிர் என்று நினைக்கிறேன். களி வற்றாமல் இருந்தால் அதை இறுக்க மாவைக் கொட்ட வேண்டிவரும். மா கூடினால் பழம் செத்துப்போகும். நெருப்பில் வற்றவேண்டிய தண்ணீரை மாவால் குடிக்கவைக்கப் பார்ப்பதுதான் கெட்ட பணியாரத்தின் தொடக்கம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வேலையால் வந்து அடுப்பு மூட்டினேன்.

மா விஷயத்தில் வீட்டுக்கு வீடு கொள்கை வேறு. அவிக்காத கோதுமை மாவை அப்படியே போடுகிறவர்கள் உண்டு. அதில் பணியாரம் சவ்வு மாதிரி இழுபடும். நாங்கள் கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, சூட்டோடு அரித்து வைத்திருக்கிறோம். அவித்தால் மாவின் இழுவை போய்விடுகிறது, கடி மெதுவாக வருகிறது. அதில் பாதி, வறுத்த அரிசி மா பாதி. அரிசி மா வெளித்தோலுக்கு ஒரு மொறுமொறுப்புத் தரும். இரண்டும் சேர்த்து ஒன்றரைக் கோப்பை, அதையும் ஒரேயடியாகக் கொட்டாமல் ஆறிய களியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் குழைத்தேன். விரலால் கிள்ளினால் விழ வேண்டும், ஆனால் ஒழுகக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் மீதி மாவை மூடி ஒதுக்கி வைத்துவிட வேண்டும்.

தாச்சியில் தேங்காயெண்ணெய். நடுத்தரச் சூடு. எண்ணெய் கொதித்தால் களியிலுள்ள சீனி வெளியே கறுத்துவிடும், உள்ளே பச்சையாகக் கிடக்கும். மூன்று விரலால் கிள்ளிச் சின்னச் சின்னதாக விட்டேன். உருண்டை வடிவம் சரியாக வர வேண்டும் என்றில்லை. வாலும் மூக்குமாக விழுவதுதான் அழகு. பிள்ளைகள் முதலில் அந்த வாலைத்தான் கடிப்பார்கள். விழுந்ததும் அடியில் போய், பிறகு மிதந்து, செம்மஞ்சளிலிருந்து கடும் மண்ணிறத்துக்கு வரும்வரை பிரட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மணம் ஒழுங்கையெல்லாம் போயிருக்கும்போல. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன, பனங்காய்ப் பணியாரமோ? எனக்கும் நாலு எடுத்து வையுங்கோ" என்றார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சுட்ட அன்று மொறுமொறுப்பு. அடுத்த நாள் மெதுமை, மணமும் இன்னும் அழுத்தமாக இருக்கிறது. நான் இரண்டாம் நாள் கட்சி.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர்களுக்காக ஒரு கடையில் விற்றதைச் சொந்தக்காரர் ஒருவர் வாங்கி வந்தார். மாவும் சீனியும் மட்டுமே தெரிந்தது. கைப்பு ஒரு துளியும் இல்லை, பழமும் இல்லை. நாக்கின் கடைசியில் மெல்லிய கைப்பு ஒன்று நின்றால்தான் அது பனங்காய். அதை முழுதாக அழித்துவிட்டு எதற்கு இவ்வளவு பாடு? வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் இதுதான் பனங்காய்ப் பணியாரம் என்று நம்பிக்கொண்டு திரும்பிப் போகிறார்களே என்பதுதான் என் கவலை.

ஆகஸ்ட் 21, வியாழன்

நல்லூரில் தேர். வீட்டில் ஒருவரும் இல்லை, அடுப்பும் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மறுபடி நிறையப் பழம். எல்லாவற்றையும் பணியாரம் சுட முடியாது என்பதால் களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டுப் போட்டோம். ஒரு படை காய்ந்ததும் அதன்மேல் அடுத்த படை. இந்த வெயிலுக்கு நன்றாகக் காயும். கொட்டைகளைப் பாத்தி போடத் தனியே குவித்திருக்கிறோம். அவை முளைத்துத் தை மாதமளவில் கிழங்காகும். பழத்தில் வீண்போவது தோல் மட்டும்தான், அதற்கும் மாடு காத்துக்கொண்டு நிற்கிறது.

போர்க்காலத்தில் பதுங்கு குழிகளுக்கு மேலே அடுக்கவென்று எத்தனை பனைகள் விழுந்தன. 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபை இன்று களியில் ஜாமும் கோடியல் என்ற பழப்பானமும் செய்கிறது. நல்ல வேலைதான். ஆனால் பழம் பொறுக்கிச் சுட்டுப் பிசைகிற வீடுகள் குறைந்தால் எந்த மரம் இனிக்கும், எந்த மரம் கைக்கும் என்பதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? மகளைக் கூட்டிக்கொண்டுபோய் ஒவ்வொரு மரமாகக் காட்டினேன். பழம் விழுந்து கிடந்த இடத்தில் நின்று முகர்ந்து பார்த்து, அவளாகவே இரண்டைச் சரியாகச் சொன்னாள்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. மோதகத்தோடு சூசியமும் செய்தோம்.

வழக்கமாகச் சூசியத்தின் உள்ளுடனுக்கு வறுத்து அவித்த பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை, ஏலக்காய். இம்முறை சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து, கட்டியாக வற்றிய பனங்களியைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். மாமி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளையாருக்குப் படைக்கிறதிலை விளையாடாதை." அப்புறம் களியைக் கரண்டியால் எடுத்து ருசித்துவிட்டு, படையலுக்கு வழக்கமானதும் வீட்டுக்குக் களி சேர்த்ததுமாகச் செய்யச் சம்மதித்தார்.

உள்ளுடனில் ஈரம் நின்றால் எண்ணெயில் வெடிக்கும். ஆகவே தேங்காய்ப்பூவைத் தனியே வறுத்து, களியோடு சேர்த்து மறுபடி அடுப்பில் பிரட்டி, கையில் ஒட்டாத பதத்தில் உருட்டினேன். அரிசி மா, கோதுமை மா, தேங்காய்ப்பால், மஞ்சள், உப்புப் போட்டுக் கரைத்த மாவில் தோய்த்துப் பொரித்தோம். கடித்தால் மேலே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே செம்மஞ்சள். பயறு கைப்பை அடக்கிவிடுகிறது, மணத்தை விட்டுவைக்கிறது. பணியாரத்துக்கு இது ஈடில்லை என்றாலும் பனம்பழத்தைப் பிடிக்காது என்று சொல்கிறவர்களுக்கு முதலில் இதைத்தான் கொடுப்பேன்.

மாமி இரண்டாவதையும் எடுத்தார். "அடுத்த முறை களியை இன்னும் கொஞ்சம் கூட்டு" என்றார்.