நாப்பாவா, ஸ்வேடா?

ஆசைப்பட்டு ஸ்வேட் தோல் ஜாக்கெட் வாங்கி, முதல் மழையிலேயே தோள்பட்டையில் திட்டுத்திட்டாகக் கறை ஏறவிட்டவன் சொல்கிறேன், மழைக்கு அது ஆகாது. ஆட்டுத்தோலின் முடி இருந்த பக்கம் வழுவழுவென்று வெளியே தெரிந்தால் நாப்பா. சதைப்பக்கத்தைத் தேய்த்துப் பொசுபொசுவென்று ஆக்கினால் ஸ்வேட் (சுவீடனுக்கான பிரெஞ்சுப் பெயர், கையுறைகள் வழியாக ஒட்டிக்கொண்டது). முடிப்பக்கத்தையே லேசாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நூபக்.

ஸ்வேடை விரலால் வருடினால் ஒரு திசையில் கருக்கும், எதிர்த்திசையில் வெளுக்கும். அதில்தான் நான் விழுந்தேன்.

நாப்பாவிலும் சாயம் மட்டும் ஏற்றிய அனிலின் ரகம் மெத்தென்று இருக்கும், ஆனால் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் போச்சு. மேலே நிறமிப் பூச்சு கொடுத்தது கொஞ்சம் தாங்கும். என் ஸ்வேட் ஜாக்கெட்டைப் பழைய பல் பிரஷால் தேய்த்துப் பார்த்தாகிவிட்டது, கறை அசையவில்லை.