முதல் கட்டச் சோதனையும் அக்கா கோடிட்ட வரியும்

அக்காவின் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவி, வழக்கமான மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகு, மருத்துவர் முதல் கட்ட மருந்துச் சோதனையைப் பற்றிப் பேசினார். ஒப்புதல் படிவத்தில் ஒரே ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடிட்டு அக்கா என்னிடம் நீட்டினாள். இந்த ஆய்வினால் உங்களுக்கு நேரடிப் பயன் கிடைக்காமல் போகலாம் என்பது அந்த வரி. "இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம். முதல் கட்டச் சோதனை முதன்மையாகத் தேடுவது, மனித உடல் எந்த அளவு மருந்தைத் தாங்கும் என்பதற்கான விடையைத்தான். பழைய முறைப்படி, மூன்று பேருக்கு மிகக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். எவருக்கும் கடுமையான நச்சு விளைவு தோன்றாவிட்டால் அடுத்த மூவருக்கு அளவைக் கூட்டுவார்கள். ஒருவருக்குத் தோன்றினால் அதே அளவில் இன்னும் மூவரைச் சேர்ப்பார்கள். இருவருக்குத் தோன்றினால் கூட்டுவதை நிறுத்திவிடுவார்கள். ஆகவே முன்னால் சேர்பவருக்கு ஆபத்து குறைவு என்றாலும், அவருக்குக் கிடைக்கும் மருந்து நோயைத் தொடக்கூடப் போதாததாக இருக்கலாம். அக்கா இரண்டாவது குழுவில் இருந்தாள்.

மருந்து ஏற்றிய நாளில் அரை மணி, ஒரு மணி, இரண்டு, நான்கு, எட்டு மணி என்று இரத்தம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். செவிலியர் ஒவ்வொரு குப்பியிலும் நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதினார். அது அவளுடைய சிகிச்சைக்காக அல்ல, மருந்து உடலில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அறிவதற்காக.

நம்பிக்கைக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1998இல் தொடங்கிய இமாட்டினிப் மருந்தின் முதல் கட்டச் சோதனையில், நாள்பட்ட இரத்தப் புற்றுநோய் கொண்டு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. ஆனால் அது அபூர்வம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆதரவில் 1991 முதல் 2002 வரை நடந்த 460 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நோய் குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியவர்கள் நூற்றுக்குப் பதினொருவர் அளவில்தான் இருந்தார்கள். மருந்தின் நச்சால் இறந்தவர்கள் ஏறத்தாழ இருநூறில் ஒருவர். இந்தக் கணக்கை நோயாளியிடம் கையெழுத்துக்கு முன்பே, உட்கார்ந்து, நிதானமாகச் சொல்வது மருத்துவரின் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

இரண்டாம் சுற்றுக்குப் பிந்தைய ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்ததால் அக்கா சோதனையிலிருந்து வெளியே வந்தாள். கடைசியாக இரத்தம் எடுத்த அன்று, அடுத்த மூவருக்கு அளவைக் கூட்டிவிட்டார்களா என்று செவிலியரிடம் கேட்டாள். கூட்டியாயிற்று என்றார் அவர்.