அந்தப் பக்கம் என்ன இருக்கு?

ஜி.பி. ரோட்டில் கார் ஸ்டீரியோ மாட்டும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு 19 வயது. சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முழுக்க கார் சாமான் கடைகள்தான். சீட் கவர், தரை மேட், ஹார்ன், ஸ்பீக்கர். எங்கள் கடைக்கு ஒர்க்‌ஷாப் எல்லாம் கிடையாது. வாசலில் வண்டியை ஓரங்கட்டி, கதவைத் திறந்துபோட்டு, ரோட்டில் உட்கார்ந்தே வேலை. கொஞ்சம் நடந்தால் எலக்ட்ரானிக்ஸுக்கு ரிச்சி தெரு, பழைய உதிரி பாகங்களுக்குப் புதுப்பேட்டை. "ரிச்சியில வாங்கி, இங்க மாட்டி, கெட்டுப்போனா புதுப்பேட்டையில தேடு" என்று எங்களுக்குள் ஒரு கேலி உண்டு.

வயரிங் வேலை எல்லாம் பாய் கையில். எனக்கு அப்பா வயது அவருக்கு. அதிகம் பேச மாட்டார். யார் டிரில்லிங் மெஷினைக் கையில் எடுத்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "அந்தப் பக்கம் என்ன இருக்கு?" பதில் தெரியாவிட்டால் மெஷினைக் கீழே வைத்துவிட வேண்டும்.

சேர்ந்து மூன்று மாதம் இருக்கும். ஒரு சின்ன காருக்கு ஆம்ப்ளிஃபையர் வைக்கச் சொன்னார்கள். பின் சீட்டைத் தூக்கி, அடியில் இருந்த தகரத்தில் பென்சிலால் நாலு புள்ளி வைத்து, முதல் புள்ளியில் பிட்டை ஊன்றிவிட்டேன். பாய் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஒண்ணுமில்ல பாய், வெறும் தகரம்" என்றேன். "அடியில போய் படுத்துப் பாரு" என்றார். ரோட்டுத் தூசியில் மல்லாந்து படுத்துப் பார்த்தால், நான் புள்ளி வைத்த இடத்துக்கு நேர் கீழே பெட்ரோல் டேங்க். பெரும்பாலான சின்ன கார்களில் டேங்க் பின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. அதை ஒட்டியே பிரேக் பைப்பும் ஓடுகிறது. சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தேன். பாய் டீ குடிக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அதற்கப்புறம் பிட்டின் நுனியில் கால் இஞ்சு மட்டும் விட்டு இன்சுலேஷன் டேப் சுற்றும் பழக்கம் வந்தது. டேப் தகரத்தைத் தொட்டதும் கை நின்றுவிடும். ஒரு ரூபாய் செலவில்லாத பாதுகாப்பு.

எங்கள் கடையில் திங்கட்கிழமை கூட்டம் வேறு மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் தாங்களே செட்டு மாட்டிப் பார்த்தவர்கள் வருவார்கள். வண்டியை நிறுத்தியதும் முதலில் சொல்வது: "ஒண்ணுமே பண்ணல பாஸ், சும்மா டெக்கைத்தான் மாத்தினேன்." அந்த 'சும்மா'வில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது டேஷ்போர்டைக் கழற்றினால்தான் தெரியும்.

ஒருவர் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தார். வெளியில் வாங்கும் செட்டில் மஞ்சள் டைரக்ட் லைன், எப்போதும் 12 வோல்ட்; சிவப்பு சாவி லைன், சாவியைத் திருப்பினால்தான் கரண்ட் வரும். இரண்டையும் சேர்த்து டைரக்டில் கொடுத்தால் செட்டு தூங்கவே தூங்காது, ராத்திரி முழுக்க பேட்டரியைக் குடிக்கும். சாவி லைனில் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் ரேடியோ ஸ்டேஷனை மறந்துவிடும். இன்னொருவர் ஃபோக்ஸ்வாகன் வைத்திருந்தார். செட்டு வயர்களை வண்டி வயர்களோடு இணைக்கிற பொதுவான ஐஎஸ்ஓ கப்ளரில் 4-ஆம் பின் டைரக்ட், 7-ஆம் பின் சாவி. அந்த கம்பெனி வண்டிகள் பலவற்றில் இது இடம் மாறியிருக்கும். அவர் மேல் தப்பில்லை, கப்ளர் அழகாகப் பொருந்தத்தான் செய்கிறது. வேறொருவர், பழைய வீட்டு ரேடியோ ஞாபகத்தில், ஸ்பீக்கரின் மைனஸ் வயரை வண்டி பாடியில் எர்த் அடித்துவிட்டார். இப்போதைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு வயருமே ஆம்ப்ளிஃபையர் ஐசியிலிருந்து வருகிறவை, எதுவும் எர்த் கிடையாது. ஐசி போய்விட்டது. இதெல்லாம் சில்லறைச் சேதம். ஒரு ஃபியூஸ், மிஞ்சிப் போனால் ஒரு செட்டு.

பயந்தது ஒரே ஒரு வண்டியைப் பார்த்துத்தான். ஊஃபருக்கு, அதாவது அடித்தொண்டைச் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கருக்கு, தனியாக ஆம்ப்ளிஃபையர் வைத்து, பேட்டரியிலிருந்து வயர் இழுத்திருந்தார். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கிற தகரச் சுவரில் துளை போட்டு, அதில் ரப்பர் புஷ் வைக்காமல் வயரைச் செருகிவிட்டார். துளையின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். வண்டி ஆட ஆட அது வயரின் தோலை அறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. மூன்று வாரம் கழித்து ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது செம்பு தகரத்தைத் தொட்டுவிட்டது. ஃபியூஸ் இருந்தது, ஆனால் டிக்கியில், ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில். ஃபியூஸ் காப்பாற்றுவது ஆம்ப்ளிஃபையரை அல்ல, வயரை. அது பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் எங்கே உரசினாலும் கேட்க ஆளில்லை. ஒரு கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும். அவருக்கு நல்ல நேரம், யாரோ பானட்டைத் திறந்து டெர்மினலைப் பிடுங்கியிருக்கிறார்கள். தரை மேட் உருகி, கார்பெட் கருகி, வண்டி முழுக்க ஒரு வாடை. பாய் அந்த வயரை எடுத்து பிளேடால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. அதே கனத்துக்கு நல்ல செம்பு தாங்குகிற கரண்டை அது தாங்காது.

இத்தனை வருஷத்தில் நான் கண்டது என்னவென்றால், வீட்டில் வேலை பார்க்கிறவர்கள் நாம் நினைக்கிற இடத்தில் தப்புவிடுவதில்லை. அவர்கள் வயரை நன்றாகவே படித்துவிட்டு வருகிறார்கள். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது என்று எங்கள் பையன்களைவிட வேகமாகச் சொல்வார்கள். ஆனால் வயருக்கு நிறம் இருக்கிறது, தகரத்துக்கு இல்லை. இந்த இடத்துக்குப் பின்னால் டேங்க், இதற்குப் பின்னால் கண்ணாடி, இதற்குப் பின்னால் ஏர்பேக் என்று கதவோ தரையோ சொல்லாது. கதவுப் பேடுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் அதை பேக்கிங் என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். மழை பெய்தால் கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு; கீழே இருக்கிற துளைகள் வழியாக அது வெளியே போய்விடும். நடுவில் தடுப்பது அந்த ஷீட்தான். கிழித்தவர்கள் ஐப்பசி மழையில் கால் நனைந்து வருவார்கள், "பாட்டு நல்லாத்தான் இருக்கு பாஸ், ஆனா தண்ணி வருது" என்று.

இப்படி மற்றவர்களைப் பற்றியே எழுதிக்கொண்டு போகலாம். போகக் கூடாது.

கடையில் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. தாம்பரத்தில் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினார். கதவில் கம்பெனி ஸ்பீக்கர், காகிதம் கிழிந்து கரகரத்தது. "கடைக்கு எதுக்கு மாப்ள, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, மாட்டிட்டு மட்டன் சாப்ட்டுட்டுப் போ" என்றார். ரிச்சி தெருவில் ஒரு ஜோடி ஆறரை இஞ்சு ஸ்பீக்கர் வாங்கிப் போனேன். நல்ல பெரிய மேக்னட். வாங்கும்போது அதைப் பார்த்துத்தான் சந்தோஷப்பட்டேன்.

முறைப்படிதான் ஆரம்பித்தேன். பேட்டரியில் மைனஸை முதலில் கழற்றினேன். பிளஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகும், அதனால். கதவுப் பேடை கிளிப் உடையாமல் எடுத்தேன். ஷீட்டைப் பொறுமையாக உரித்து மடித்து வைத்தேன். பழைய ஸ்பீக்கரை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்திப் பார்த்தால் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். வெற்றிடம். ஸ்க்ரூ முடுக்கி, பேடை அடித்து, பேட்டரியைக் கொடுத்து, பாட்டைப் போட்டேன். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். உள்ளே குக்கர் விசில். எல்லாம் சரி.

மச்சானின் பெண்ணுக்கு அப்போது ஆறு வயது. முன் சீட்டில் ஏறி, பவர் விண்டோ ஸ்விட்சை அமுக்கினாள். கண்ணாடி பாதி இறங்கி நின்றது. நான் "பாப்பா, இரு" என்று சொல்வதற்குள் ஏற்றி, மறுபடி இறக்கினாள். டப் என்று ஒரு சத்தம். கதவுக்குள்ளே கற்கண்டு மூட்டையைக் கொட்டின மாதிரி.

கதவுக் கண்ணாடி சூடாக்கி சட்டென்று குளிரவைத்துச் செய்வது. கண்ணாடியின் நடுப் பரப்பில் அடித்தால் தாங்கும், விளிம்பில் சின்ன அடி பட்டால் மொத்தமாகச் சிதறும். இறங்கின கண்ணாடியின் கீழ் விளிம்பு நேராக மேக்னட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாப்பா மேல் ஒரு துண்டுகூடப் படவில்லை. ஆனால் அழுதாள். தான் உடைத்துவிட்டதாக நினைத்துவிட்டாள்.

மச்சான் வெளியே ஓடி வந்து, "என்ன மாப்ள?" என்றார். என் வாயில் வந்த முதல் வார்த்தைகளை எழுதக் கூச்சமாக இருக்கிறது. "ஒண்ணுமே பண்ணல மச்சான், சும்மா ஸ்பீக்கரைத்தான்..." என்று ஆரம்பித்துவிட்டேன். திங்கட்கிழமைக்காரர்களின் அதே வாக்கியம். அடுத்ததாக 'கண்ணாடியில ஏற்கெனவே கீறல் இருந்திருக்கும்' என்று சொல்லக்கூடத் தயாராக இருந்தேன். பழைய வண்டி, அவர் நம்பியிருப்பார்.

கடையில் எனக்கு முதல் வருஷமே இது நடந்திருக்கிறது. ஒரு டேஷ்போர்டு லாக்கை உடைத்துவிட்டு, பசை போட்டு ஒட்டி, சத்தம் போடாமல் இருந்தேன். பாய் கண்டுபிடித்து, வண்டிக்காரரிடம் நானே போய்ச் சொல்ல வைத்தார். அவர் பாய் மாதிரி இல்லை, நன்றாகத் திட்டினார். அந்த அனுபவம் மட்டும் இல்லையென்றால் அன்று தாம்பரத்தில் பழி யார் மேல் போயிருக்கும்? பழைய வண்டி மேல், இல்லாவிட்டால் அந்தக் குழந்தை மேல். மச்சானிடம், "என் தப்புதான். கண்ணாடியை இறக்கிப் பார்க்காம ஸ்பீக்கரை மாட்டிட்டேன்" என்றேன். பாப்பாவிடமும் சொன்னேன். அவள் நம்ப ரொம்ப நேரம் ஆயிற்று. மட்டன் எப்படி இருந்தது என்று ஞாபகம் இல்லை.

மறுநாள் பாயிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பேட்டரி கழட்டினியா?" என்றார்.

"கழட்டினேன் பாய். அதெல்லாம் மொதல்லயே."

"அப்ப கண்ணாடிய எப்படி இறக்குவ?"

அதுதான் விஷயம். பேட்டரி இல்லாமல் பவர் விண்டோ இறங்காது. கண்ணாடி மேலே இருக்கும்போது கதவுக்குள் கையை விட்டால் வெற்றிடமாகத்தான் இருக்கும். சரியாகச் செய்த ஒரு வேலையே அடுத்த சோதனையைச் செய்யவிடாமல் பண்ணியிருக்கிறது, அது எனக்கு உறைக்கவே இல்லை. கடையில் இந்தச் சிக்கல் வந்ததில்லை. ஸ்பீக்கர் வேலை என்றால் கண்ணாடியை முழுக்க இறக்கச் சொல்லிவிட்டுத்தான் பாய் பேட்டரிப் பக்கமே போவார். நான் அதை அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன், காரணம் கேட்டதில்லை. ஒன்பது வருஷம் அந்தக் கேள்வியை தினமும் கேட்டும், தாம்பரத்தில் எனக்கு நானே கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. கேட்கிற ஆள் ஜி.பி. ரோட்டில் இருந்தார்.

மத்தியானம் புதுப்பேட்டைக்குப் போய், இரண்டு மணி நேரம் அலைந்து, அதே மாடல் கண்ணாடி ஒன்றை பேரம் பேசி வாங்கினேன். பழைய துண்டுகளை வேக்குவம் வைத்து எடுத்தேன். ஸ்பீக்கருக்கு அடியில் முக்கால் இஞ்சு பிளைவுட்டில் ஒரு வளையம் வெட்டி வைத்தேன், மேக்னட் அந்த அளவுக்கு வெளியே வந்துவிட்டது. இந்தத் தடவை கண்ணாடியை இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூவைத் தொட்டேன். ஸ்விட்சை அமுக்கியது பாப்பா. முதலில் மாட்டேன் என்றாள்.

கதவுக்குள் மூலையில் எங்கேயோ இரண்டு மூன்று துண்டுகள் தங்கிவிட்டன. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் கலகலவென்று உருளும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மச்சான் ஒன்றும் சொல்ல மாட்டார். பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிடுவார்.