கரண்டி நிற்க வேண்டும்

ரொட்டி, கேரட் தொட்டுச் சாப்பிடுவதற்கென்று நான் முதன்முதலில் செய்த கீரை டிப்பை விருந்தினர் குடித்தார்கள். மிகைப்படுத்தவில்லை. அக்கா மகனின் ஏழாவது பிறந்தநாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது கண்ணாடிக் கிண்ணத்தில் வெண்ணெய்போல் கெட்டியாகத்தான் இருந்தது. மேலே மிளகுத்தூள் தூவி அழகு வேறு பார்த்திருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால் ஓரமெல்லாம் பச்சைத் தண்ணீர். பிறந்தநாள்காரன் கரண்டியை நட்டுப் பார்த்தான். அது மெல்லச் சாய்ந்து உள்ளே போய்விட்டது.

“சித்தி, இது சூப்பா?”

“ஆமாம், ஆறிய சூப்” என்று சொல்லித் தப்பித்தேன். பெரியவர் ஒருவர் நம்பி ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார்.

அன்று முதல் இந்த டிப்பை நான் சமையலாகப் பார்ப்பதில்லை. தண்ணீரோடு நடத்தும் சண்டையாகத்தான் பார்க்கிறேன். பாலக்கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தயிரிலும் தண்ணீர், வெங்காயத்திலும் தண்ணீர். போதாததற்கு, நாம் போடும் உப்பு அதையெல்லாம் வெளியே இழுத்துக்கொண்டு வருகிறது. செய்த உடனே கெட்டியாக இருப்பது கணக்கில் வராது. மேசைக்குப் போகும்போது எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அரை கிலோ பாலக்கீரை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, தடித்த காம்புகளைக் கிள்ளிவிட்டு, அகலமான வாணலியில் அப்படியே போடுகிறேன். தண்ணீர் விட வேண்டாம். இலையில் ஒட்டியிருக்கும் ஈரமே போதும். மலைபோல் குவிந்திருப்பது இரண்டே நிமிடத்தில் ஒரு கைப்பிடியாகச் சுருண்டுவிடும். மூடி போடக் கூடாது. மூடினால் கீரையிலிருந்து ஆவியோடு கிளம்பும் அமிலம் வெளியேற வழியில்லாமல் திரும்ப இலைமேலேயே விழுந்து பச்சையைக் கெடுத்துவிடும். சங்கப் பாடல்களில் தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியில் பசலை படரும் என்பார்களே, மூடிவைத்து வேகவைத்த கீரைக்கும் அந்த நோய்தான். (இதைப் பசலைக்கீரை என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்குப் பசலை என்றால் கொடியில் படரும் கொழகொழப்பான கீரை. அதை வைத்து இந்த டிப்பைச் செய்ய வேண்டாம்.)

வதங்கியதும் தட்டில் பரப்பி ஆறவிடுகிறேன். பிறகுதான் பிழியும் படலம். முதலில் கைப்பிடிக்குள் அடங்குகிற அளவு எடுத்து உருண்டையாகப் பிழிகிறேன். இதோடு வேலை முடிந்தது என்று தோன்றும். முதல் முறை நான் ஏமாந்ததும் இந்த இடத்தில்தான். அந்த உருண்டைகளை மெல்லிய வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, துவைத்த துணியை முறுக்குவதுபோல் முறுக்கினால், காய்ந்துவிட்டது என்று நினைத்த கீரையிலிருந்து கால் டம்ளர் தண்ணீர் இன்னும் ஒழுகும். கடைசியாகத் துணியைப் பிரிக்கும்போது உருண்டை உடையாமல், உதிரவும் உதிராமல், ஈரக் களிமண்போல் கைரேகை பதிந்து இருக்க வேண்டும். போன முறை தராசில் வைத்துப் பார்த்தேன். அரை கிலோ, 170 கிராமாகியிருந்தது. துணியில் பச்சைக் கறை போகாது. அதற்கென்று ஒன்றை ஒதுக்கிவிட்டேன்.

உருண்டையைக் கத்தியால் பொடியாக நறுக்க வேண்டும். மிக்ஸிப் பக்கமே போகாதீர்கள். அரைத்தால் விழுதாகிவிடும், டிப்பில் இலை இலையாகத் தென்படாது. உறைந்த கீரை வாங்கினால் வதக்கும் வேலை மிச்சம். முழுவதும் உருகவிட்டு இதேபோல் பிழிந்தால் போதும், சுவையில் பெரிய குறையில்லை. ஆனால் அதில் தண்ணீர் இன்னும் அதிகம், கை வலிக்கும்.

தயிர் வேலையை முந்தைய இரவே முடித்துவிடுகிறேன். அரை கிலோ புளிக்காத தயிரைத் துணியில் கட்டி, வடிகட்டிமேல் வைத்து ஃபிரிட்ஜில் விட்டால் காலையில் பாதிதான் மிஞ்சும். அந்தப் பாதிதான் நமக்கு வேண்டியது. அதோடு 100 கிராம் க்ரீம் சீஸ், இரண்டு மேசைக்கரண்டி மயோனைஸ். சீஸை அரை மணி நேரம் முன்பே வெளியில் எடுத்து வைக்க வேண்டும். சில்லென்று கலந்தால் வெள்ளைக் கட்டிகள் நிற்கும், எவ்வளவு அடித்தாலும் கரையாது. முதலில் சீஸை மட்டும் கரண்டியின் பின்புறத்தால் மசித்து, தயிரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறேன். பாத்திரத்தில் கையால்தான். வேகமாகச் சுழற்றி அடித்தால் வடிகட்டிய தயிரும் இளகிவிடும், இரவெல்லாம் காத்திருந்தது வீண்.

பூண்டு மூன்று பல், சின்ன வெங்காயம் நான்கு. இரண்டையும் பொடியாக நறுக்கி, ஒரு கரண்டி வெண்ணெயில் சிறு தீயில் வதக்கி, ஆறிய பிறகு நறுக்கிய கீரையோடு தயிர்க் கலவையில் சேர்க்கிறேன். பச்சைப் பூண்டு போடலாம் என்று தோழி ஒருத்தி சொன்னாள். போட்டேன். செய்தபோது நன்றாக இருந்தது, மறுநாள் கிண்ணம் முழுக்கப் பூண்டு மட்டுமே பேசியது. வதக்கும்போதும் சிவக்க விடக் கூடாது, கசக்கும்.

மிளகுத்தூள் தாராளமாக. ஜாதிக்காய் இரண்டு இழைப்பு. இருப்பது தெரியக் கூடாது, இல்லாவிட்டால் தெரியும். உப்பில் மட்டும் அவசரப்பட மாட்டேன். சீஸிலும் மயோனைஸிலும் ஏற்கெனவே உப்பு உண்டு. குளிர்ந்தால் உப்பு நாக்குக்கு அடங்கித் தெரியும் என்பதால் இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் இருந்த பிறகு ருசி பார்த்துத்தான் கடைசிச் சிட்டிகை. எலுமிச்சைச் சாறும் பரிமாறும் நேரத்தில்தான், அரை மூடி. முன்பே பிழிந்தால் புளிப்பு பட்டுப் பச்சை மங்கும்.

தொட்டுக்கொள்ள எதை வைப்பது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ரொட்டியை விரல் அகலத்துக்கு வெட்டி, ஓவனில் மொறுமொறுவென்று காயவைத்தது முதலிடம். கேரட் குச்சி பரவாயில்லை. வெள்ளரிக்காயைத் தனித் தட்டில் வையுங்கள், டிப்பின்மேல் செருகி அலங்கரிக்காதீர்கள். பழைய பகை.

கூட்டம் பெரிதென்றால் இரண்டு சிறு கிண்ணங்களாகப் பிரித்துவிடுகிறேன். ஒன்று மேசையில், இன்னொன்று ஃபிரிட்ஜில். பால் பொருள் என்பதால் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைப்பதில்லை; வெயில் கடுமையான நாளில் ஒரு மணி நேரம்தான். தொடாமல் மிஞ்சிய கிண்ணம் மூன்று நாள் தாங்கும். உறையவைக்க வேண்டாம், உருகும்போது தயிர் திரிந்து தண்ணீர் தனியாக நிற்கும்.

இந்த வருடப் பிறந்தநாளுக்கும் கொண்டுபோனேன். பையனுக்குப் பத்து வயது. மூடியைத் திறந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் சமையலறைக்குப் போய்க் கரண்டி எடுத்துவந்து நடுவில் நட்டான். கையை எடுத்தான். குனிந்து பார்த்தான்.

“நிற்கிறது சித்தி” என்றான். “ஆனால் எனக்குச் சூப்தான் பிடித்திருந்தது.”