ரேக் அருகே சில நாட்கள்

ஜூன் 3
லேபின் ரிசல்ட் டேட்டாபேஸுக்கு இரண்டு சர்வர், அதாவது நோட். ஒன்று விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றையொன்று கவனிக்க கோரோசிங்க், வேலையை மாற்றிவிட பேஸ்மேக்கர், இரண்டு நோடிலும் ஏற்றியாகிவிட்டது. ஒன்றை ஸ்டாண்ட்பையில் (ஓய்வில்) போட்டதும், இரண்டுக்கும் பொதுவான ஐபி முகவரி மற்றதற்குத் தாவியது. பிங் சோதனையில் இரண்டு பாக்கெட்தான் தொலைந்தது.

ஜூன் 5
இரண்டு நோடுக்கும் நடுவிலுள்ள கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். பதில் சொல்லாத நோடை மற்றது அணைத்துவிடும் ஏற்பாடுதான் ஸ்டோனித். அதை முடக்கி வைத்திருந்தது என் தப்பு. எதிராளி செத்துவிட்டதாக இரண்டு நோடும் முடிவு கட்டி, இரண்டுமே டேட்டாபேஸைத் தூக்கிக்கொண்டன. தனித்தனியாக உள்ளே போய் ஒரே சாம்பிள் எண்ணுக்கு ரிசல்ட் போட்டேன். இதில் ஹீமோகுளோபின் 9.2, அதில் 13.1. கேபிளை மறுபடி செருகினேன், இரண்டு டிஸ்கையும் ஒன்றுபோல வைத்திருக்கும் டிஆர்பிடி சேர மறுத்துவிட்டது. எந்தப் பக்கத்தை அழிப்பது என்று நான்தான் சொல்ல வேண்டும். சோதனைத் தகவல்தான். இருந்தும் அந்த 9.2 மனதை விட்டுப் போகவில்லை.

ஜூன் 6
ஸ்டோனித் இல்லாமல் இனி ஒரு அடி வைக்க மாட்டேன். மெஷினைத் தூரத்திலிருந்தே அணைக்க உதவும் ஐபிஎம்ஐ வழியாகப் போட்டாயிற்று. கேபிள் அறுந்தால் இரண்டும் ஒரே நொடியில் ஒன்றையொன்று சுட்டுவிடக் கூடாதே (அணைத்துவிடக் கூடாதே) என்று, முதல் நோடைச் சுடுவதற்கு மட்டும் 5 நொடி தாமதம்.

ஜூன் 7
தூங்கவில்லை.

ஜூன் 9
இன்று கரண்ட். முதல் நோடின் இரண்டு பவர் வயரையும் உருவினேன். இரண்டாவது எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஃபென்ஸ், அதாவது மற்றதை அணைக்கும் கட்டளை, தோல்வி, மறுபடி முயற்சி, மறுபடி தோல்வி. எட்டு நிமிடம் நின்று பார்த்தேன். ஐபிஎம்ஐ சிப்பும் அதே மெஷினின் கரண்டில்தான் ஓடுகிறது. மெஷின் போனால் அதுவும் போச்சு. சாவைச் சொல்ல ஆள் இல்லாமல் மற்றது காத்துக்கொண்டே இருக்கிறது. அது செய்வது சரிதான். செத்தவனையும் பேசாமல் இருப்பவனையும் வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆனால் லேபில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே.

ஜூன் 10
ஒவ்வொரு அவுட்லெட்டையும் நெட்வொர்க் வழியாக அணைக்கக்கூடிய பவர் ஸ்ட்ரிப், அதாவது பிடியூ, வேண்டுமென்று நிர்வாகத்திடம் கேட்டேன். “யுபிஎஸ் இருக்கே சார், அப்புறம் எதுக்கு?” அரை மணி நேரம் பேசினேன். 9.2, 13.1 என்று தாளில் எழுதிக் காட்டிய பிறகு கையெழுத்து விழுந்தது.

ஜூன் 14
பிடியூ வந்தது. ஐபிஎம்ஐக்கு அடுத்த நிலையாகச் சேர்த்தேன். இரண்டாவது நோடின் ஐபிஎம்ஐ கேபிளை உருவிவிட்டு, கையாலேயே ஃபென்ஸ் கட்டளை கொடுத்தேன். வெற்றி என்றது லாக். திரும்பிப் பார்த்தால் அந்த நோடின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. கன்ஃபிகில் ஒரு அவுட்லெட்டை மட்டும் எழுதியிருந்தேன். அடுத்த பவர் சப்ளையில் அது உயிரோடு இருந்தது. கை நடுங்கிவிட்டது.

ஜூன் 15
இரண்டு அவுட்லெட்டையும் அணைத்த பிறகுதான் எதையும் திரும்பப் போட வேண்டும். பதினோரு முறை செய்து பார்த்தேன். பதினோரு முறையும் விளக்கு அணைந்தது.

ஜூன் 17
இரவு 11.40. உண்மையான தகவல் ஏறிவிட்டது. தம்பி முதல் நோடின் பவர் வயர்களில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். உருவச் சொல்லப் போகிறேன்.