பதினோராவது வளைவு

ஜூன் 21, 2024, வெள்ளி

இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. ஃபேனைப் பார்த்துக்கொண்டே ஏற்காடு ரோட்டில் சைக்கிளோடு விழுந்த அந்த வளைவைத் திரும்பத் திரும்ப இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான். எவ்வளவு வேகத்துல போனீங்க? டாக்டர் கேட்டார். எதிர்வீட்டு அக்கா கேட்டார். பால்காரரும் கேட்டுவிட்டார். 47 என்கிறேன். "அவ்வளவுதானா" என்பவர்கள் உண்டு, "சைக்கிள்லயா!" என்பவர்களும் உண்டு. உண்மையில் 47 என்பது வளைவுக்கு முந்தைய நேர் ரோட்டில். வளைவுக்குள் நுழையும்போது 31. சைக்கிள் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது. அழிக்கவில்லை.

பயமாக இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. இல்லை, துளியும் இல்லை. தோள் இரண்டும் தளர்ந்திருந்தன. ஒவ்வொரு கையிலும் இரண்டு விரல் மட்டும் பிரேக் மேல். பல மாதமாக அப்படி ஒரு நிம்மதி எனக்கு இருந்ததில்லை. அந்த நிம்மதியில்தான் முன் டயர் ஜல்லித் தூளில் ஏறியது.

ஜூன் 23, ஞாயிறு

மகள் ஏற்காடு போய் வந்தாள். இறக்கத்தில் அதிகபட்சம் 58. நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

ஜூன் 26, புதன்

வலது கை நன்றாகத்தான் இருக்கிறது. பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

உலர்ந்த ரோட்டில் நல்ல பிரேக் பிடித்தால் ஒவ்வொரு வினாடியும் வேகத்தில் வினாடிக்கு 5 மீட்டர் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் முன் பிரேக்கை அழுத்தினால் பின் சக்கரம் தூக்க ஆரம்பித்துவிடும், ஆளே ஹேண்டிலைத் தாண்டிப் போய்விடுவான். கண் பார்த்துக் கை அழுத்த ஒரு வினாடி. அப்படியென்றால் 27 கிலோமீட்டர் வேகத்தில் நிற்பதற்கு 13 மீட்டர் வேண்டும். 47-ல் 30 மீட்டர். 61-ல் 46 மீட்டர். இது சமதளக் கணக்கு. இறக்கத்தில் இன்னும் கூடும். ஈரமாக இருந்தால் ரிம்மில் பிரேக் கட்டை பிடிக்கவே ஒரு சுற்று, இரண்டு சுற்று ஆகும்.

அந்த மலை ரோட்டில் எந்த வளைவில் 46 மீட்டர் முன்னால் தெரிகிறது? ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பாறை, பாறை, மூங்கில், சுவர், பாறை.

இன்னொரு கணக்கும் போட்டேன், போட்டிருக்க வேண்டாம். அந்தந்த வேகம் எத்தனை உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் என்று. 47-க்கு 8.7 மீட்டர். 61-க்கு 14.6. அதாவது மூன்று மாடி, ஐந்து மாடி.

58-க்குப் போடவில்லை. 61 எங்கிருந்து வந்தது என்றால், மே மாதம் அவள் போன வேகம் அது. அன்றைக்குக் கை தட்டினேன்.

ஜூலை 2, செவ்வாய்

எக்ஸ்ரே. முறிந்த இரண்டு முனையைச் சுற்றியும் புகை படிந்த மாதிரி வெள்ளையாக ஏதோ தெரிகிறது. அதுதான் புது எலும்பு என்றார் டாக்டர். இன்னும் மூன்று வாரம் கைத்தூளி. சைக்கிளைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். மனைவி பக்கத்தில் இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

நேற்று ஆஸ்திரியா டூர் சைக்கிள் பந்தயத்தில் ஒருவர் இறந்துவிட்டார். ஆந்த்ரே ட்ரேகே, நார்வேக்காரர், 25 வயது. குரோஸ்குளோக்னர் மலையிலிருந்து இறங்கும்போது விழுந்திருக்கிறார்.

போன வருஷம் ஜூனில் சுவிஸ் டூரில் ஜீனோ மேடர். அல்புலா கணவாயின் இறக்கம். அவருக்கு 26. அதற்கு முன்னால் 2011-ல் இத்தாலியில் வெய்லாண்ட். 1995-ல் பிரான்ஸில் கசார்ட்டெல்லி, ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். எல்லோரும் இறக்கத்தில். மூச்சு வாங்கி, நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஏறிய இடத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கஷ்டம் முடிந்துவிட்டது என்று உடம்பு நினைக்கிற இடத்தில் ஆகியிருக்கிறது.

அவர்கள் என்னைப் போல ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் இல்லை. பிழைப்பே அதுதான். மணிக்கு 80, 90 என்பது அவர்களுக்கு உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி. அப்படிப்பட்ட கைகள்.

மகள் இன்றைக்கும் போயிருக்கிறாள். மணி 8.40. ஒன்பதுக்குள் வந்துவிடுவாள்.

9.25. வந்துவிட்டாள். வழியில் இட்லி சாப்பிட நின்றார்களாம்.

ஜூலை 8, திங்கள்

அவளிடம் எண் கேட்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

கேட்டுவிட்டேன். 57.

அப்புறம் நோட்டைக் காட்டினேன். மூன்று மாடி, ஐந்து மாடி. பொறுமையாகப் படித்தாள். "அப்பா, மாடியிலிருந்து விழுந்தா நேரா தரையில மோதுவோம். ரோட்டுல வழுக்கிக்கிட்டுத்தானே போவோம்? ரெண்டும் ஒண்ணு இல்லையே" என்றாள். சரிதான். வழியில் சுவரோ மரமோ பஸ்ஸோ இல்லாத வரைக்கும் சரி. அதை நான் சொல்லவில்லை. அவள் முகத்திலேயே தெரிந்தது, அதையும் யோசித்துவிட்டாள் என்று.

"நான் எப்படி இறங்குறேன்னு சொல்லட்டுமா" என்று தரையில் உட்கார்ந்துகொண்டு கையால் காட்டினாள். ஹேண்டிலின் வளைந்த கீழ்ப்பகுதியைப் பிடித்துக்கொள்வது, பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்து முடித்துவிடுவது, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் இருப்பது, வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்து அதன் மேல் எடையைப் போடுவது, பள்ளத்தைப் பார்க்காமல் வளைவு முடிகிற இடத்தைப் பார்ப்பது. "கண்ணு எங்க போகுதோ வண்டி அங்க போகும்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். ஒவ்வொரு வரியும் நான் சொன்னது. ஐந்தாம் வகுப்பு லீவில், குரங்குப்பெடல் பழக்கிவிட்ட அதே தெருவில்.

"உனக்குப் பயமே இல்லையா கண்ணு?"

"இல்லப்பா. அம்பதுக்கு மேல போனாத்தான் வண்டி சொன்ன பேச்சு கேக்குற மாதிரி இருக்கு."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. எனக்கு அந்த இடம் 45. அதற்குக் கீழே வண்டி தடவிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும், மேலே போனால் வயிறு இறுகும். அவள் அறுபது வரைக்கும் பயமில்லாமல் போகிறாள், என்னைவிடப் பதினைந்து கூட. ஒரே ரோடு, ஒரே கடையில் வாங்கிய பிரேக் கட்டை. இந்தப் பதினைந்து எங்கிருந்து வருகிறது? வயதா? எடையா? இதுவரை விழாததா?

ஜூலை 16, செவ்வாய்

திபோ பினோ ஞாபகம் வந்தார். பிரான்ஸ் சைக்கிள் வீரர், போன வருஷம் ஓய்வு பெற்றார். 2013 டூர் டி பிரான்ஸில் பிரெனீஸ் மலை இறக்கத்தில் பின்தங்கிப்போய், சிலருக்குப் பாம்பு பயம், சிலந்தி பயம், தனக்கு வேகம் பயம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னவர். மலை ஏறுவதில் புலி. இறங்கும்போது மற்றவர்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த வருஷமே அதே பந்தயத்தில் மூன்றாவதாக வந்தார்.

பயம் போனதா, பயத்தோடேயே இறங்கினாரா? அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்பேன்.

ஜூலை 24, புதன்

கைத்தூளி கழற்றியாயிற்று. பிசியோதெரபியில் சுவரில் விரலால் ஏறச் சொல்கிறார்கள். ஆள்காட்டி விரல், நடு விரல், இரண்டும் கால் மாதிரி. சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறது அந்தப் பெண். இன்றைக்கு என் கோடு நெற்றி வரைக்கும்தான். ஏறியதும் "மெதுவா இறக்குங்க சார், அப்படியே விட்டுடாதீங்க" என்றது. இறக்கும்போதுதான் வலி.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஓட்டினேன்!

காலை ஐந்தரைக்கு, வண்டி நடமாட்டம் வருவதற்கு முன்னால். வீட்டிலிருந்து ஐந்து ரோடு சந்திப்பு வரை. சமதளத்தில் எல்லாம் பழையபடி. கால் மறக்கவில்லை. மேம்பாலத்தில் ஏறினேன், அதுவும் சரி. உச்சியில் இறக்கம் தொடங்குகிற இடத்தில், நானாக ஒன்றும் செய்யாமலே எட்டு விரலும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டன. 24. ஒரு மேம்பாலம்! ஸ்கூல் பையன்கள் கையை விட்டுவிட்டு இறங்குகிற இடம்.

கீழே வந்து நின்று பார்த்தேன். உள்ளங்கையில் பிரேக் ரப்பரின் வரி வரியான அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது. வீட்டுக்கு வரும் வரைக்கும் மறையவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

24.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அடிவாரத்தில் காத்திருந்தேன். காரில் போய், ஃப்ளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு. அவளிடம் சொல்லவில்லை.

அங்கே நின்றால் மேலே ரோடு தெரியாது, சத்தம்தான். ஒவ்வொரு வளைவிலும் பஸ் ஹாரன் அடிக்கும். ஹாரன் கேட்கும்போதெல்லாம் எத்தனையாவது வளைவு என்று மனசு எண்ணுகிறது. இருபது வளைவு. சுவர் மேல் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அதில் ஒன்று குறுக்கே ஓடினால் போதும். என் மனைவி இத்தனை வருஷமாக, எங்கள் இரண்டு பேருக்காகவும் வீட்டில் இப்படித்தான் உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஒரு தடவைகூட என்னிடம் எண் கேட்டதில்லை.

7.50-க்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "என்னப்பா, அம்மாவுக்கு ஏதாவது?" என்றாள். ஒன்றுமில்லை, டீ குடி என்றேன். நின்றவுடன் அவள் ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன். சூடு, ஆனால் விரல் வைக்க முடிகிற சூடு. ஏற்காட்டிலிருந்து கீழே வருவது கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர். அவளும் சைக்கிளுமாக 61 கிலோ. இறங்குகிறபோது வெளியே வந்தாக வேண்டிய சக்தியில் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். வேகமாகப் போனால் அதில் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்கிறது. பிடித்துப் பிடித்து இறங்கினால் அத்தனையும் ரிம்முக்கு.

டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள், நேர் ரோட்டில் 59-ல் போகும்போது ஹேண்டில் உதற ஆரம்பித்ததாம். மேலே குளிர், உடம்பும் நடுங்கியிருக்கிறது. முட்டியை ஃபிரேம் பைப்போடு ஒட்டி அழுத்தி, பிடியைத் தளர்த்தி, மெல்ல வேகத்தைக் குறைத்திருக்கிறாள். நின்றுவிட்டது. செய்ய வேண்டியது அதுதான், சரியாகச் செய்திருக்கிறாள்.

நான் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்று விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை மீதி இருந்தது, டப்பாவில் போட்டுக்கொண்டு தனியாகக் காரில் பதினோராவது வளைவுக்குப் போனேன். போர்டு அப்படியே இருக்கிறது, 11/20. ஜல்லித் தூள் இல்லை. மழை அடித்துக்கொண்டு போய்விட்டது. உள்பக்க ஓரத்தில் புதிதாகத் தார் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், கறுப்பாக, இன்னும் வாசனையோடு. நான் எங்கே விழுந்தேன் என்று சரியாகக் காட்ட முடியவில்லை. ஹெல்மெட் உரசிய கோடு ஏதாவது இருக்கும் என்று குனிந்து தேடினேன்.

இவ்வளவு சின்ன வளைவா அது?

செப்டம்பர் 27, வெள்ளி

சூரிச்சில் உலகச் சாம்பியன்ஷிப். நேற்று ஜூனியர் பெண்கள் பந்தயத்தில் மூரியல் ஃபூரர் என்ற பெண் விழுந்துவிட்டாள். மழை, காட்டுக்குள் இறக்கம். விழுந்ததை உடனே யாரும் பார்க்கவில்லை என்கிறார்கள். இன்றைக்கு இறந்துவிட்டாள். 18 வயது. சொந்த நாடு, சொந்த ஊர்ப்பக்கம். அப்பா அம்மா வேலி ஓரமாக நின்று பார்த்திருப்பார்களோ என்னவோ.

ராத்திரி சாப்பிடும்போது மகள் எதுவும் பேசவில்லை. எனக்கு முன்னாலேயே படித்திருக்கிறாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "அப்பா, ஞாயித்துக்கிழமை நான் போகல" என்றாள்.

சரி என்றேன். மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

இரண்டு பேரும் வீட்டில். அவள் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டாள். நான் பிரேக் கட்டை மாற்றினேன், இரண்டு வண்டிக்கும். பழைய கட்டைகளில் அலுமினியத் துணுக்குகள் பதிந்திருந்தன, குண்டூசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தாள். மத்தியானம் வரை ஒரு வார்த்தை இல்லை.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி, லீவு. அவள்தான் கூப்பிட்டாள். "போலாமாப்பா? உங்க வேகத்துல."

ஏறினோம். இரண்டரை மணி நேரம். நாலு மாசம் மலை ஏறாத கால்கள், நடுநடுவே நின்று நின்றுதான். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி. அவள் இரண்டு, நான் ஒன்று. எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

இறங்கும்போது, "நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடி வர்றேன்" என்றாள். முதல் மூன்று வளைவு கை இரும்பு. முன்கை எரிகிறது, கழுத்து எரிகிறது. வேகம் 22. பின்னால் அவள் சக்கரத்தின் சத்தம் மட்டும், டிக் டிக் டிக் என்று, விலகவும் இல்லை, நெருங்கவும் இல்லை. பதினான்காவது வளைவில் நின்றுவிட்டேன். அவளும் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

பதினோராவது வளைவுக்கு 19-ல் போனேன். இடது பக்கம் சாயாமல், வண்டியை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு, வட்டம் போட்டு. புதுத் தாரின் மேல் டயர் ஏறுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். வளைவு முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் எங்கேயோ, ஏழோ ஆறோ, விரல்கள் நான்கிலிருந்து இரண்டாகிவிட்டிருந்தன. நான் கவனிக்கவில்லை, பிறகுதான் பார்த்தேன். அடிவாரத்தில் கம்ப்யூட்டர் காட்டியது: அதிகபட்சம் 27.

அவள் ரிம்மைத் தொட்டேன். விரலை வைக்க முடியவில்லை. 59-ல் இறங்கி வந்த அன்றைக்குக்கூட இவ்வளவு சூடு இல்லை. மேலேயிருந்து கீழே வரைக்கும் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"கை வலிக்குதா கண்ணு?"

"லேசா."

அக்டோபர் 5, சனி

இரண்டு வண்டி டயருக்கும் காற்று அடித்து வைத்தாயிற்று. காற்றழுத்தம் அவளுக்கு 90, எனக்கு 85. நாளைக்கு அவள் அவளுடைய வேகத்தில் போகட்டும், நான் என் வேகத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது குரல் சரியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு

நாலரைக்கு எழுந்தோம். ராத்திரி மழை பெய்திருக்கிறது, வாசல் ஈரம். ஆறு மணி வரை பார்க்கலாம் என்கிறாள்.