எழுபது வாட் நாட்குறிப்பு

மார்ச் 2

ஏவி ரிசீவர், அதாவது டிவி, பிளேயர் எல்லாவற்றின் ஒலியையும் வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, வந்து ஹாலில் இறங்கிவிட்டது. அந்தக் கம்பெனியின் வரிசையிலேயே கீழ்ப்படியில் இருக்கும் மாடல். 5.1 சேனல், அதாவது ஐந்து ஸ்பீக்கர், பேஸ் எனும் கீழ்ச்சுருதி ஓசைக்கென்று தனியாக ஒரு சப்வூஃபர், அதற்கு மேல் எதுவும் இல்லை. அட்டைப்பெட்டியின் நெற்றியில் ‘சேனலுக்கு 130 வாட்’ என்று கொட்டை எழுத்து. கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் அந்த 130 எப்படிப் பிறந்தது என்று தெரிகிறது: 6 ஓம் ஸ்பீக்கர், 1 கிலோஹெர்ட்ஸில் ஒரே ஓசை, ஒரே ஒரு சேனல், 10 சதவீத ஒலிச்சிதைவு. அந்தச் சிதைவில் ஒரு பாட்டை மனிதர் யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அதன் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி: 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல் ஒன்றாக, 0.08 சதவீதச் சிதைவு, 70 வாட். நான் வாங்கியது இந்தப் பொடி எழுத்தைத்தான். ஐந்து சேனலும் ஒன்றாக முழங்கினால் எவ்வளவு என்று எந்த வரியும் சொல்லவில்லை. உள்ளே இருப்பது ஒரே டிரான்ஸ்ஃபார்மர். ஐந்தும் அதில்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

மச்சான் போனில் கேட்டார்: “எழுபது வாட்டு பத்துமா மாப்ள?”

கணக்கைச் சொன்னேன். வாட் இரண்டு மடங்கானால் ஏறுவது 3 டெசிபெல்தான். சத்தம் இரண்டு மடங்கானது போலக் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். என் ஸ்பீக்கர் 1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில் 87 டெசிபெல் தரும் வகை. சோபா 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. திறந்த வெளியாக இருந்தால் அந்தத் தூரத்துக்கு 9.5 டெசிபெல் குறையும், அறைக்குள் சுவர்கள் திருப்பித் தருவதால் அவ்வளவு குறையாது. 70 வாட்டையும் கொடுத்தால் மேலே 18 டெசிபெல் சேரும். ஆக, ஒற்றை ஸ்பீக்கரே உட்காரும் இடத்தில் 96 டெசிபெல் உச்சத்தைத் தொடும். சாதாரணமாகப் படம் பார்க்கும்போது சராசரியாக ஒரு வாட் கூடச் செலவாகாது. இந்த 70-க்குப் பதில் 90 வாட் மாடல் எடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியது ஒரு டெசிபெல் சொச்சம்.

“அப்ப பெரிய பெரிய நம்பர் எல்லாம் எதுக்கு?” என்றார். அட்டைப்பெட்டிக்கு.

மார்ச் 3

ஒயர் இழுக்கும் வேலை. 16 கேஜ் செம்பு ஒயர் இந்தத் தூரத்துக்குத் தாராளம். இதைவிடத் தடித்த ஒயர் பற்றிப் பேசுகிறவர்களோடு வாதாட எனக்கு நேரமில்லை.

பார்க்க வேண்டியது ப்ளஸ், மைனஸ். ஒரு பக்கம் மாறிப்போனால் இரண்டு ஸ்பீக்கரும் எதிரெதிராகத் தள்ளும், பேஸ் மெலிந்துவிடும், நடுவில் நிற்க வேண்டிய குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. பழுது எதுவும் இல்லாமலேயே ‘ரிசீவர் சரியில்லை’ என்று பேர் வாங்கிக்கொடுக்கும் விஷயம் இது. ஒயரின் ஒரு பக்கம் கோடு போட்டிருக்கும், அந்தக் கோட்டை எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே நிற முனைக்குக் கொடுத்துவிட்டேன்.

முன்பக்க இரண்டும் உட்காருகிறவருக்கு இடமும் வலமும் 30 டிகிரியில். பின்பக்க இரண்டும் 110 டிகிரிக்குப் பக்கத்தில் வர வேண்டும். இடது பக்கம் சரியாக வந்தது. வலது பக்கத்தில் கதவு. அதனால் அந்த ஸ்பீக்கர் கொஞ்சம் பின்னால், கொஞ்சம் உயரத்தில் சுவரேறியது. வீடு என்றால் அப்படித்தான்.

மார்ச் 5

அறைக்கு ஏற்ப ஒலியைத் திருத்த, ரிசீவரோடு வந்த மைக்கை வைத்து அளவெடுத்தேன். ஆடிஸி, ஒய்பிஏஓ, எம்சிஏசிசி என்று கம்பெனிக்கொரு பெயர் இருந்தாலும் வேலை ஒன்றுதான்: ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு ஓசையை எழுப்பி, அது எவ்வளவு நேரத்தில், எவ்வளவு சத்தமாக, எந்தச் சுருதிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று அளந்து திருத்துவது. விலை கூடக் கூட இந்தத் திருத்தத்தின் நுணுக்கம் கூடும், குறிப்பாக பேஸில். அடிமட்ட மாடலில் மேலோட்டமான திருத்தம்தான். அதுவும் ஒன்றுமில்லாததற்கு மேல்.

ஃபேனை நிறுத்தி, ஃப்ரிட்ஜையும் அணைத்து, பாப்பாவை உள்ளே அனுப்பிவிட்டு, மைக்கை முக்காலியில் காது உயரத்துக்கு நிறுத்தினேன். சோபாவின் சாய்வு மேல் வைத்தால் மெத்தையிலிருந்து திரும்பி வரும் ஒலியும் கணக்கில் சேர்ந்துவிடும். சப்வூஃபரின் பின்னால் இருக்கும் வால்யூமை நடுவில் வைத்து, எந்தச் சுருதிக்கு மேல் அது பாடக் கூடாது என்று வெட்டும் கிராஸ்ஓவர் திருகைக் கடைசி வரை ஏற்றிவிட்டேன். எங்கே வெட்டுவது என்பதை ரிசீவர் முடிவு செய்யட்டும், இருவர் வெட்டினால் நடுவில் பள்ளம் விழும்.

முடிவில் இரண்டு விஷயம். முன்பக்க ஸ்பீக்கர்களை ‘பெரியது’ என்று போட்டிருந்தது. ஐந்தங்குலக் கோன் உள்ள பெட்டிகள் அவை! ‘சிறியது’ என்று மாற்றி, 80 ஹெர்ட்ஸில் பிரித்தேன். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சப்வூஃபருக்குப் போகும். அந்தப் பாரம் இறங்கியதில் ரிசீவருக்கும் மூச்சு கிடைக்கும், ஏனென்றால் வாட்டை அதிகம் தின்பது அடிப்பகுதி ஓசைதான்.

இன்னொன்று, சப்வூஃபர் 4.3 மீட்டர் தூரத்தில் இருப்பதாகச் சொன்னது. டேப் வைத்து அளந்தால் 2.6. இதைத் திருத்தக் கூடாது. சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்று ஒலியைச் சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்துகிறது. ஒரு மில்லிசெகண்ட் என்பது சுமார் 34 சென்டிமீட்டர், அந்தத் தாமதத்தைத்தான் தூரமாகக் கணக்குப் போட்டிருக்கிறது. டேப் சொல்வது உண்மை, மைக் சொல்வது உபயோகம்.

மார்ச் 8

எல்லாரும் உட்கார்ந்து ஒரு சண்டைப் படம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அம்மா சொன்னது: “அடிச்சுக்கறது மட்டும் காதைக் கிழிக்குது. பேசறது ஒண்ணும் விழலையேடா.”

ஹோம் தியேட்டர் வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் எழும் குறை. 5.1-இல் வசனத்தில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரில் மட்டுமே வருகிறது. அந்த ஒன்றுதான் பெரும்பாலும் மிக மோசமான இடத்தில் இருக்கும்: டிவிக்கு அடியில், தட்டின் உள்ளே, முழங்காலைப் பார்த்துக்கொண்டு. எங்கள் வீட்டிலும் அந்த இடம்தான் அதற்கு. பெட்டியைத் தட்டின் விளிம்பு வரை முன்னால் இழுத்தேன். முன்பக்க அடியில் ரப்பர் கட்டை கொடுத்து முகத்தை மேலே திருப்பினேன். பிறகு மெனுவில் நடு சேனலை 2.5 டெசிபெல் ஏற்றினேன். மைக் அளந்து கொடுத்ததைக் கெடுக்கலாமா என்றால், கெடுக்கலாம். மைக்குக்கு வசனம் புரிய வேண்டியதில்லை.

மிச்சம் இருப்பது படக் கலவையின் குணம். தியேட்டர் அளவுகோலில் ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபெல் வரை போகலாம். ரிசீவரின் வால்யூமில் 0 என்பது அந்த நிலை. நாம் வைப்பது மைனஸ் 25-க்குப் பக்கத்தில். மொத்தமும் கீழே இறங்கும்போது மெல்லப் பேசுவது ஃபேன் சத்தத்துக்கு அடியில் போய்விடுகிறது. இதற்குத்தான் இரவுப் பயன்முறை: உரத்ததை அமுக்கி, மெல்லியதை உயர்த்தும். சினிமா ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். அம்மாவோடு பார்க்கும்போது அது இனிமேல் எப்போதும் ஆனில் இருக்கும்.

மார்ச் 9

அம்மா இன்று ஒரு சீரியலை முழுக்கக் கேட்டார். புகார் இல்லை. பின்னணி இசை அதிகம் என்றார், அதற்கு ரிசீவரில் பட்டன் கிடையாது.

மார்ச் 14

டிவியில் இருக்கும் ஆப்களின் ஒலி ஏஆர்சி வழியாக, அதாவது அதே எச்டிஎம்ஐ ஒயரில் திரும்பி, ரிசீவருக்கு வருகிறது. 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-ஓடு வந்த வசதி. வந்தது, ஆனால் ரிசீவரின் திரையில் ‘பிசிஎம் 2.0’ என்று நின்றது. டிவி தானே ஒலியைப் பிரித்து இரண்டு சேனலாகச் சுருக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. டிவி மெனுவில் டிஜிட்டல் ஒலியை ‘பிசிஎம்’-இலிருந்து ‘ஆட்டோ’வுக்கு மாற்றியதும் ‘டால்பி டிஜிட்டல் ப்ளஸ்’ என்று எழுத்து வந்தது, பின்னால் இருந்து மழையும் வந்தது. எத்தனை வீட்டில் ஐந்து ஸ்பீக்கரை மாட்டிவிட்டு இரண்டு சேனலையே கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ.

ஏஆர்சியின் அடுத்த வடிவமான இஏஆர்சி இந்த மாடலில் இல்லை. அது எச்டிஎம்ஐ 2.1-இல் வந்தது. இல்லாததால் ட்ரூஎச்டி போன்ற இழப்பில்லாத ஒலி டிவி வழியாக வராது, ப்ளூரே பிளேயரை நேராக ரிசீவரில் குத்தினால் சரி. ஆப்களில் ‘அட்மாஸ்’ (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை) என்று போட்டிருப்பதன் உள்ளே சாதாரண 5.1-உம் இருக்கும், இந்த ரிசீவர் அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. கூரையில் ஸ்பீக்கர் மாட்ட வீட்டில் அனுமதியும் இல்லை, ஆக யாருக்கும் நஷ்டமில்லை.

மார்ச் 20

இன்று பாட்டு மட்டும்.

முதலில் ஒரு வேண்டுகோள்: ‘ஆல் சேனல் ஸ்டீரியோ’ என்ற பட்டனை யாரும் தொடாதீர்கள். பாடகர் முன்னாலும் நிற்கிறார், முதுகுக்குப் பின்னாலும் நிற்கிறார். விருந்தினர் நிறைந்த வீட்டில், எல்லா மூலைக்கும் பாட்டு போக வேண்டும் என்றால் சரி. உட்கார்ந்து கேட்க அது உதவாது.

அடுத்து ‘ப்யூர் டைரக்ட்’. திருத்தம் எதுவும் இல்லாமல், திரையைக்கூட அணைத்துவிட்டு, வந்ததை வந்தபடி கொடுக்கும் முறை. ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டேன். தம்பூரா அழகாக விரிந்தது, மிருதங்கத்தின் வலந்தலையில் சுண்டல் துல்லியம். இடந்தலையான தொப்பியைக் காணோம். இடது கை அடிக்கிறது, கும்கி என்னும் அந்த ஆழ்ந்த ஓசை வரவில்லை. காரணம் எளிது: இந்த மாடலின் டைரக்டில் பேஸைப் பிரிக்கும் வேலையும் நின்றுவிடுகிறது, சப்வூஃபர் தூங்குகிறது, சின்னப் பெட்டிகளால் அவ்வளவு கீழே இறங்க முடியவில்லை. ‘ஸ்டீரியோ’வுக்கு மாற்றினேன். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர் ஏற்றுக்கொண்டது. தொப்பி தரையில் கால் ஊன்றி நின்றது.

‘தூய்மை’ என்று பேர் வைத்த பட்டன் என்பதற்காக மிருதங்கத்தில் பாதியை விட்டுக்கொடுக்க முடியாது. பெரிய டவர் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பட்டன் பொருந்தலாம்.

மார்ச் 22

மச்சான் தன்னுடைய பழைய இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். “ஏவி ரிசீவர்ல பாட்டு கேக்கவே முடியாது மாப்ள, நீயே பாரு.” அவர் கொண்டுவந்ததை மாட்டியதும் அது நன்றாகத்தான் இருந்தது. பிறகு போனில் டெசிபெல் ஆப்பைத் திறந்து இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பது நமக்கு ‘சத்தம் அதிகம்’ என்று தோன்றாது, ‘தரம் அதிகம்’ என்றுதான் தோன்றும். சமமாக்கியபின் மச்சான் திரும்பி உட்கார, பாப்பா மாற்றி மாற்றி ஒயரைக் கொடுத்தாள். ஹாலில் கேட்கும் சத்தத்தில் அவரால் எது எது என்று பிடிக்க முடியவில்லை, என்னாலும்தான். வால்யூமை நன்றாக ஏற்றினால் அவருடையது தெம்பாக இருக்கிறது என்பது அவர் தீர்ப்பு. இருக்கலாம், கனமான டிரான்ஸ்ஃபார்மர். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவது தீர்ப்பு சொல்ல வந்துவிடுவார்.

மார்ச் 27

குறிப்பிட்ட சில பாட்டுகளில் ஒரு பேஸ் ஸ்வரம் மட்டும் ‘ம்ம்ம்’ என்று அறையில் தங்கிவிடுகிறது. கதவுகூட அதிர்கிறது என்றாள் மனைவி. இது அறையின் வேலை. ஹாலின் நீளம் 4.3 மீட்டர். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. அதை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 40 ஹெர்ட்ஸ் வருகிறது. அந்தச் சுருதி சுவருக்குச் சுவர் நின்று ஆடும். சப்வூஃபர் மூலையில் இருந்தால் இப்படிப்பட்ட ஆட்டம் எல்லாவற்றையும் முழு மூச்சாகத் தட்டி எழுப்பும்.

பரிகாரம் கொஞ்சம் கேலிக்கூத்தானது. சப்வூஃபரைத் தூக்கிச் சோபாவில், நாம் உட்காரும் இடத்தில் வைக்க வேண்டும். பேஸ் ஓடும் பாட்டைப் போட்டுவிட்டு, தரையில் தவழ்ந்து, எங்கே எல்லா ஸ்வரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் சப்வூஃபரை வைத்தால், சோபாவிலும் அப்படியே கேட்கும். அப்பா தவழ்வதைப் பாப்பா வீடியோ எடுத்திருக்கிறாள். கிடைத்த இடம் முன்சுவரின் நடுவிலிருந்து சற்று இடப்பக்கம். முனகல் பெரும்பாலும் போய்விட்டது. அங்கே வைத்து மறுபடி மைக் போட்டு அளவெடுத்தேன், ஏனென்றால் திருத்தத்தால் மேட்டை வெட்ட முடியும், பள்ளத்தை நிரப்ப முடியாது. பள்ளத்தில் எவ்வளவு வாட் கொட்டினாலும் எதிரொலி வந்து அழித்துவிடும்.

ஏப்ரல் 3

ரிசீவர் மேல் யாரோ கதைப் புத்தகங்களை அடுக்கியிருந்தார்கள். எடுத்துவிட்டுக் கையை வைத்தால் தோசைக்கல் சூடு. மேல்மூடியில் இருக்கும் ஓட்டைகள்தான் அதன் மூக்கு. மேலே பத்து சென்டிமீட்டராவது காலியாக விட்டு, பின்பலகை இல்லாத தட்டுக்கு மாற்றினேன். பாப்பாவிடம் விசாரணை நடக்கிறது.

ஏப்ரல் 11

மச்சானே இப்போது வாங்குவதற்கு ரிசீவர் பார்க்கிறார். “கொஞ்சம் கூடப் போட்டு 7.2 வாங்கிடவா?” என்று கேட்டார்.

7.2 என்றால் ஏழு ஸ்பீக்கர், இரண்டு சப்வூஃபர். மலிவு மாடலில் எதை வெட்டுகிறார்கள் என்று சொன்னேன். வெளி ஆம்புக்கு ஒலியை எடுத்துக் கொடுக்கும் பிரீ-அவுட் கிடையாது, சப்வூஃபருக்கு மட்டும் ஒன்று இருக்கும். பின்னாளில் வெளியே பவர் ஆம்ப் சேர்க்க வழியில்லை. ரெக்கார்ட் பிளேயருக்கு ஃபோனோ உள்ளீடு இருக்காது. எச்டிஎம்ஐ உள்ளீடு குறைவு, அறைத் திருத்தம் மேலோட்டம். இவற்றில் ஏதாவது ஒன்று நிஜமாகவே வேண்டும் என்றால் மேலே போகலாம். 4 ஓம் ஸ்பீக்கர் இருந்தாலும் போகலாம், மலிவு டிரான்ஸ்ஃபார்மர் அதில் சீக்கிரம் மூச்சு வாங்கும். வாட்டுக்காகப் போக வேண்டாம். அவர் வீட்டில் சோபா பின்சுவரை ஒட்டியிருக்கிறது. 7.2-இல் கூடுதலாக வரும் பின்பக்க இரண்டு ஸ்பீக்கரையும் பக்கத்து அறையில்தான் வைக்க வேண்டும். மிச்சமாகும் பணத்தில் நல்ல நடு ஸ்பீக்கர் வாங்கச் சொன்னேன்.

“சரி மாப்ள, ஞாயித்துக்கிழமை மைக்கை எடுத்துக்கிட்டு வந்துரு.”

மைக் வேண்டாம் என்றேன். ஒவ்வொரு கம்பெனி மைக்கும் அதனதன் ரிசீவருக்கே அளவு கட்டியது, மாற்றிப் போட்டால் கணக்கு தப்பும். அவர் பெட்டியிலேயே ஒன்று வரும். டேப்பும் ரப்பர் கட்டையும் எடுத்துப் போகிறேன். தவழ்வதற்கு அவர் தயாரா என்று இன்னும் கேட்கவில்லை.